இன்னொரு ஸ்பிரிங் மாட்டாதீர்கள்

மலையகத்தில் ஓடுகிற பழைய எம்.ஜி.பி. (பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றின் பொனட்டைத் திறந்தால் நான் முதலில் எண்ணுவது ஸ்பிரிங்குகளை. எஸ்.யூ. நிறுவனத்தின் எச்.எஸ்.4 மொடல் காபரேட்டர் இரண்டு பூட்டிய அந்தக் காருக்குத் தொழிற்சாலை கொடுத்தது, கால் எடுத்ததும் த்ரொட்டிலைச் சாத்துவதற்கு, காபரேட்டருக்கு ஒன்று வீதம் மெல்லிய ஸ்பிரிங். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பார்க்கும் கார்களில் அதற்கு மேல் இன்னொன்று இருக்கும், சிலவற்றில் இன்னும் இரண்டு. கூடுதலாக வந்தது தடித்த கம்பியில் சுற்றிய ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங். ஒரு முனை கேபிள் லீவரில், மறுமுனை சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டில் குத்திய ஓட்டையில். அது எப்படி அங்கே வந்தது என்று விசாரிக்கத் தேவையில்லை. எல்லாக் கராஜிலும் நடக்கிற பேச்சுத்தான். “அண்ணே, கால எடுத்தாலும் பெடல் ஒடனே மேல வரமாட்டேங்குது.” “அது ஒண்ணுமில்ல தம்பி, இன்னொரு ஸ்பிரிங் மாட்டி விட்டா சரியாயிடும்.” சரியாகவும் ஆகிவிடும், கொஞ்ச நாளைக்கு. பிறகு ஐட்லிங் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். காபரேட்டரைக் கழற்றி, பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டும் நீடிலும் மாற்றுவார்கள். அப்போதும் தீராது. கடைசியில் “எஸ்.யூ. அப்படித்தான், டியூனிங் நிற்காது” என்று பேர் கெட்டுப்போவது காபரேட்டருக்கு.

இதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. எஸ்.யூ. மிக எளிமையான, மிக நேர்மையான ஒரு பொருள். டியூனிங் நிற்காமல் போனால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது பெடலில் தொடங்கி, காற்று வழியைத் திறந்து சாத்துகிற பட்டர்ஃப்ளைத் தட்டு வரைக்கும் போகிற அந்தச் சின்னச் சின்ன இணைப்புகள். அவற்றை முறையாக மாற்றுவது இரண்டு நாள் வேலை. ஆனால் அவற்றை மாற்றாமல் ஸ்பிரிங்கைக் கூட்டுவது தேய்மானத்தை நிறுத்தாது, வேகப்படுத்தும். அது ஏன் என்பதையும், எதை எந்த வரிசையில் மாற்றுவது என்பதையும் விரிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நம்முடைய ரோட்டில் இது வெறும் நளினக் கேள்வி கிடையாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகப் புசல்லாவைக்கு இறங்குகிறவர்களும், அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குகிறவர்களும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதில்லை. கியரில் பிடித்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்குகிறார்கள். பட்டர்ஃப்ளை முழுதாகச் சாத்தவில்லை என்றால் அந்தப் பிடி கிடைக்காது. கால் எடுத்த பிறகும் கார் தள்ளிக்கொண்டே வளைவுக்குள் போகும். ஏறும்போது வேறு கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்துவிடும். இருக்கிற பலத்தில் இன்னும் கொஞ்சத்தைக் கேபிள் தொய்விலும் இணைப்புப் பின்னின் (pin) ஓட்டையிலும் இழந்தால், பெடலைத் தரையில் மிதித்தாலும் பட்டர்ஃப்ளை முக்கால்தான் திறக்கும். மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்குக் கார் தயார் செய்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பது இந்த முழுத் திறப்பைத்தான். காசு செலவில்லாமல் கிடைக்கிற குதிரைச்சக்தி அது.

ஸ்பிரிங்கும் ஏழு கிலோவும்

எச்.எஸ்.4-இன் வாய் ஒன்றரை அங்குலம். அதை மூடி நிற்கும் பித்தளைத் தட்டின் பரப்பு ஏறக்குறைய 11 சதுர சென்ரிமீட்டர். இரண்டாம் கியரில் கால் எடுத்துவிட்டு இறங்கும்போது தட்டுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் உறிஞ்சுகிற வெற்றிடம், இந்தப் பக்கம் வெளிக்காற்று. மலையின் மெல்லிய காற்றிலும் அந்த வித்தியாசம் தட்டை எஞ்சின் பக்கமாக ஏழு கிலோ அளவு விசையோடு தள்ளும். அந்த ஏழு கிலோவைத் தாங்குவது தட்டின் அச்சான 5/16 அங்குலப் பித்தளை ஸ்பிண்டிலும், அது சுற்றுகிற இரண்டு ஓட்டைகளும். பெரும்பாலான எச்.எஸ்.4-இல் தனி புஷ் (ஓட்டைக்குள் அடிக்கும் உலோகக் குழாய்) கூடக் கிடையாது, அலுமினிய வார்ப்பில் துளைத்த வெறும் ஓட்டைதான். சமவெளியில் ஓடும் காருக்கு இந்தச் சுமை நொடிக்கணக்கில் வந்து போகும். நம்முடைய இறக்கங்களில் அது நிமிடக்கணக்கில் நிற்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஓட்டை சற்றே தேய்ந்தவுடன் அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எயார் ஃபில்டர் வழியாக வராத காற்று அது. செம்மண் தூசு, பிரேக் தூசு எல்லாம் அதில் வரும். அந்தத் தூசு ஸ்பிண்டிலுக்கும் ஓட்டைக்கும் நடுவே அரைக்கும் பசையாகிவிடுகிறது. இறக்கத்தில் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிற சத்தத்துக்கும் பல கார்களில் இதுவே காரணம். கசிந்த காற்று கலவையை மெலிதாக்கி, சிலிண்டரில் எரியாத பெற்றோல் சைலன்சரில் போய் எரிகிறது.

இப்போது மூன்றாவது ஸ்பிரிங்கைக் கணக்கில் எடுங்கள். அது லீவரை ஒரே பக்கமாக இழுக்கிறது. அந்த இழுப்பு ஸ்பிண்டிலைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை, அதை ஓட்டையின் ஒரு சுவரோடு சேர்த்து அழுத்தவும் செய்கிறது. ஸ்பிரிங் எவ்வளவு பலமோ அழுத்தமும் அவ்வளவு. ஓட்டை வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவமாகத் தேய்வதற்கு இதுதான் காரணம். ஸ்பிண்டில் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தபின் தட்டு நடுவை விட்டு விலகி, அதன் விளிம்பு காபரேட்டர் சுவரில் உரசி மாட்டிக்கொள்ளும். பெடல் மறுபடி மெதுவாக வரும். மறுபடி ஒரு ஸ்பிரிங். கூடுதல் ஸ்பிரிங்கின் பாரத்தைக் கேபிளும் சுமக்கிறது, பெடல் பிவட்டும் சுமக்கிறது. கால் மிதிக்கும் விசை கூடக் கூடக் கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கீல் தேய்ந்த கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டால் கதவு நேராகிவிடாது.

காபரேட்டருக்கு ஒரு ஸ்பிரிங் என்கிற ஏற்பாட்டில் கை வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டு காபரேட்டரையும் இணைக்கிற நடு ஷாஃப்டின் கிளாம்ப் (பிடி) எப்போதாவது வழுக்கினால், ஒவ்வொரு பட்டர்ஃப்ளையையும் தானாகச் சாத்துவதற்கு அதனதன் ஸ்பிரிங் இருக்க வேண்டும். அது பாதுகாப்பு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தடித்த ஸ்பிரிங்கை மாட்டிவிட்டுப் பழைய இரண்டையும் கழற்றிப் போட்ட கார்களும் ஓடுகின்றன. அவை ஆபத்தானவை.

விரல் சொல்வது

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இதற்குக் கருவியே வேண்டாம். எஞ்சின் ஓடக்கூடாது, ஆறியிருக்க வேண்டும். கேபிளை, அதன் முனையை லீவரில் பிடித்திருக்கும் சின்ன உருளையான ட்ரனியனிலிருந்து கழற்றிவிடுங்கள். எல்லா ஸ்பிரிங்குகளையும் கழற்றுங்கள், அசல் இரண்டையும் சேர்த்து. நடு ஷாஃப்டின் இரண்டு கிளாம்ப் போல்டுகளையும் தளர்த்துங்கள். இப்போது கேபிளோடு பெடல், ஷாஃப்ட், முன் காபரேட்டர், பின் காபரேட்டர் நான்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிற்கின்றன. இதுவரை கலந்து கிடந்த குறை இனி எங்கே இருக்கிறது என்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். முழு வேலையிலும் தீர்மானமான கட்டம் இதுதான். இங்கே ஐந்து நிமிடம் பொறுமையாக நிற்கிறவர் பின்னால் தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் கட்டமாட்டார்.

முதலில் முன் காபரேட்டர். த்ரொட்டில் லீவரை ஒரே விரலால் திறந்து மெதுவாகச் சாத்துங்கள். நல்ல ஸ்பிண்டில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகச் சுற்றும்; கடைசியில் தட்டு சுவரில் வந்து உட்காரும்போது ‘டிக்’ என்று சின்னதாக, சுத்தமாக ஒரு சத்தம் கேட்கும். சத்தம் மொத்தையாக இருந்தால், அல்லது கடைசி ஓரிரு பாகையில் விரலுக்கு ஒரு பிசுக்கு தட்டுப்பட்டால், தட்டு நடுவில் இல்லை என்று அர்த்தம். அடுத்து லீவரைச் சுழற்றாமல் மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அசைவு கண்ணுக்குத் தெரிந்தாலே மாற்றவேண்டிய கட்டம் வந்துவிட்டது. இதையே பின் காபரேட்டருக்கும் செய்யுங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருப்பது அபூர்வம். கேபிள் லீவருக்கு அருகில் இருக்கிற ஓட்டைதான் வழக்கமாக மோசமாக இருக்கும்.

பிறகு நடு ஷாஃப்ட். கிளாம்ப் லீவர்களில் இருக்கும் பின்கள் காபரேட்டர் லீவரின் கவை போன்ற ஃபோர்க்குக்குள் நுழையும் இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்னின் ஒரு பக்கம் தட்டையாக மின்னும், ஃபோர்க்கின் உள்விளிம்பில் பிறை வடிவில் பள்ளம் விழுந்திருக்கும். இங்கே அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் சும்மா விட்டுவிடலாம் என்று தோன்றும், விடாதீர்கள். அந்தச் சின்ன லீவரில் அரை மில்லிமீட்டர் என்றால் பட்டர்ஃப்ளையில் ஒரு பாகைக்கும் மேல். சாத்திய நிலையிலிருந்து முதல் சில பாகைகளில்தான் காற்றோட்டம் தடாலென்று மாறுகிறது. எம்.ஜி.பி.யின் பி-சீரிஸ் எஞ்சினில் முன் காபரேட்டர் முதல் இரண்டு சிலிண்டருக்கும், பின்னது மற்ற இரண்டுக்கும் ஊட்டுகிறது. ஒரு பின் முந்தித் தொட்டு மற்றது பிந்தித் தொட்டால், கொண்டை ஊசி வளைவில் காலை வைக்கும் கணத்தில் இரண்டு சிலிண்டர் இழுக்கும், மற்ற இரண்டு சும்மா சுற்றும், பிறகு நான்கும் சேர்ந்து ஒரு குலுக்குக் குலுக்கும். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பலர் தவறாக நினைப்பது இதைத்தான்.

கடைசியில் கேபிளும் பெடலும். கேபிள் முனையைக் கையில் பிடித்து இழுத்து விடுங்கள். எங்காவது கரகரப்புத் தெரிந்தால் கேபிளை மாற்றத்தான் வேண்டும், எண்ணெய் விட்டுத் தப்பிக்க முடியாது. பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிவட் லொடலொடத்தால் அதுவும் பட்டியலில் சேரும்.

ஸ்பிண்டிலும் ஓட்டையும்

காபரேட்டர்கள் இரண்டையும் நடு ஷாஃப்டோடு சேர்த்து ஒரே தொகுதியாக எடுப்பதுதான் வசதி. பற்றரி வயரைக் கழற்றி, பெற்றோல் குழாய், சோக் கேபிள், வெற்றிடக் குழாய் எல்லாவற்றையும் விடுவித்து, ஃபிளாஞ்சில் இருக்கும் 5/16 யூ.என்.எஃப். (அங்குல அளவுத் திருகு) நட்டுகளை அரை அங்குல ஸ்பேனரால் கழற்றினால் வந்துவிடும். 13 மி.மீ. ஸ்பேனர் உட்காரும், ஆனால் நட்டின் மூலைகளை மழுக்கும். எஞ்சினுக்குள் கலவை போகும் மெனிஃபோல்ட் வாய்களில் உடனே சுத்தமான துணியை அடையுங்கள். பழைய கேஸ்கட் ஒன்றையும் திரும்பப் போடாதீர்கள். மெனிஃபோல்டுக்கும் வெப்பத்தடுப்புக் கட்டைக்கும் நடுவே ஒன்று, கட்டைக்கும் ஹீட் ஷீல்டுக்கும் நடுவே ஒன்று, ஷீல்டுக்கும் காபரேட்டருக்கும் நடுவே ஒன்று என்று ஒவ்வொரு காபரேட்டருக்கும் மூன்று வேண்டும்.

தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்களின் வால் பிளந்து விரிக்கப்பட்டிருக்கும். கழன்று எஞ்சினுக்குள் போய்விடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த விரிப்போடு பலவந்தமாகத் திருகினால் ஸ்பிண்டிலின் நூல் பிய்ந்துவிடும். வாலைக் குறடால் நெருக்குங்கள், அல்லது விரிந்த பகுதியை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத் திருகுங்கள். தட்டை வெளியே எடுப்பதற்கு முன் எந்த முகம் வெளிப்பக்கம், எந்த விளிம்பு மேலே என்று குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது. மாறிப்போனால் எத்தனை முறை மாட்டினாலும் சாத்தாது. லீவர் நட்டின் மடக்கு வாஷரை நிமிர்த்தி லீவரை எடுத்தால் ஸ்பிண்டில் உருவிக்கொண்டு வரும்.

அந்த ஸ்பிண்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில், தட்டுக்கான பிளவு இருக்கும் பகுதி மங்கிய பழுப்பு நிறம். அதன் இரண்டு பக்கமும், ஓட்டைக்குள் சுற்றிய பகுதி பளபளக்கும். பளபளப்பு முடிகிற இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டும். ஒரே பக்கத்தில் ஆழமாகவும் எதிர்ப்பக்கத்தில் இல்லாமலும் தட்டினால், அந்தப் பக்கம்தான் இத்தனை வருடம் ஸ்பிரிங்கும் வெற்றிடமும் சேர்ந்து இழுத்த பக்கம். பித்தளை தேய்ந்ததா, அலுமினியம் தேய்ந்ததா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அசல் அளவுப் புது ஸ்பிண்டில் ஒன்றை வாங்கி ஓட்டையில் நுழைத்து ஆட்டிப் பார்ப்பது. பாதிக் கார்களில் ஆட்டம் கணிசமாகக் குறைந்துவிடும், லேத் வேலையே தேவைப்படாது. அதனால் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

புது ஸ்பிண்டில் போட்டும் ஆடினால் இரண்டு வழி. 0.010 அங்குலம் பருமன் கூடிய ஸ்பிண்டில் போட்டு ஓட்டையை அதற்கேற்ப ரீமர் செய்வது, அதாவது ரீமர் என்கிற கருவியால் துல்லியமாகப் பெரிதாக்குவது, ஒன்று. ஓட்டையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் அடித்து, அசல் அளவு ஸ்பிண்டிலையே போடுவது மற்றது. முதலாவது மலிவு. ஆனால் கை ரீமர் எப்போதும் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையைத்தான் பின்பற்றும். முட்டை வடிவ ஓட்டைக்குள் அதை விட்டால், தேய்ந்த பக்கமாகவே சாய்ந்து புது ஓட்டையும் நடு விலகிப் போகும். தட்டு மறுபடி சுவரில் உரசும். தேய்மானம் லேசாக இருந்தால் மட்டுமே இந்த வழி. மற்றபடி புஷ்தான் சரி, அதையும் லேத்திலோ மில்லிங் மெஷினிலோ காபரேட்டரின் வாயை ஆதாரமாக வைத்து, இரண்டு பக்க ஓட்டைகளும் ஒரே கோட்டில் வரும்படி செய்யவேண்டும். தேயிலை ஃபெக்டரிகளில் ஃபிட்டர் வேலை பார்த்த கைகள் நம்மிடம் இருக்கின்றன. உருளை மெஷினின் பெயரிங்கை நூல் பிடித்தாற்போல் நிறுத்துகிறவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. என்ன வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லிக் கொடுப்பது நம்முடைய பொறுப்பு.

சொல்லவேண்டியவை இவை. புஷ் வெளிவிட்டம் 3/8 அங்குலம், உள்விட்டம் 5/16. புஷ் காபரேட்டர் வாய்க்குள் ஒரு மயிரளவும் நீட்டக்கூடாது. அலுமினியம் சூட்டில் வெண்கலத்தைவிட அதிகமாக விரியும், பி-சீரிஸில் புகைக்குழாய் மெனிஃபோல்ட் நேர் கீழேயே இருக்கிறது; அதனால் இறுக்கி அடித்தால் மட்டும் போதாது, பிடிமானப் பசை தடவி அடிக்கவேண்டும். அடித்தபின் உள்விட்டத்தை மறுபடி ரீமர் செய்து ஸ்பிண்டிலுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம் வரை இடைவெளி விடவேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 5/16 ரீமர் இல்லாத கடையில் 8 மி.மீ. ரீமரை எடுப்பார்கள், “ரெண்டும் ஒண்ணுதான்” என்பார்கள். ஒன்றல்ல. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. அந்த 0.06 மி.மீ. வித்தியாசம் நாம் கேட்ட இடைவெளியையும் தாண்டிவிடுகிறது. புதிதாகப் போட்ட புஷ் முதல் நாளே தேய்ந்த புஷ்ஷாக இருக்கும். ரீமரை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் இந்தப் பிரச்சினை வராது. அதேபோல 8 மி.மீ. ஸ்டெயின்லஸ் கம்பியில் ஸ்பிண்டில் கடைந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உலர்ந்த அலுமினிய ஓட்டையில் அது அரித்துப் பிடிக்கும்.

திரும்ப மாட்டும்போது ஸ்பிண்டிலுக்கு ஒரு சொட்டு எஞ்சின் ஒயில் போதும். தட்டைப் பிளவில் நுழைத்து, புது ஸ்குரூக்களைத் தளர்வாகப் போட்டு, லீவரைச் சில முறை விட்டு விட்டுச் சாத்துங்கள். தட்டு தானே நடுவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். லைட்டுக்கு நேரே பிடித்துச் சுற்றிலும் வெளிச்சம் சமமாக, மெல்லிய கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு இறுக்கி, ஸ்பிண்டிலுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, வாலை விரியுங்கள், அளவோடு. பிந்திய எம்.ஜி.பி.க்களின் தட்டிலேயே ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வ் இருக்கும். கால் எடுத்த நிலையில் கொஞ்சம் கலவையை உள்ளே விடுவதற்காகப் போட்டது. அந்தச் சின்ன ஸ்பிரிங் சோர்ந்தால் ஐட்லிங்கிலும் திறந்து நிற்கும், எஞ்சின் வேகம் இறங்கவே இறங்காது. இவ்வளவு தூரம் கழற்றியபின் அதை விட்டுவைக்காமல் வால்வ் இல்லாத தட்டைப் போட்டுவிடலாம்.

ஷாஃப்ட், பின், கேபிள்

நடு ஷாஃப்டின் கிளாம்ப் லீவர்கள் புதிதாகக் கிடைக்கின்றன, விலையும் பெரிதில்லை, எஸ்.யூ. பாகங்களை இங்கிலாந்தில் பேர்லன் நிறுவனம் இன்னும் தயாரிக்கிறது. பின்னை மட்டும் மாற்றிவிட்டுப் பள்ளம் விழுந்த ஃபோர்க்கை விட்டால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். 2022-ல் டொலர் தட்டுப்பாட்டில் வெளியிலிருந்து எதையும் எடுப்பது கஷ்டமாக இருந்தபோது ஃபோர்க்கின் பள்ளத்தைப் பித்தளை வெல்டிங்கால் நிரப்பி அரத்தால் சீவிய வேலைகள் நன்றாகவே நிற்கின்றன. அந்த வழியில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான், ஃபோர்க்கின் இரண்டு கைகளும் இணையாக இருக்கவேண்டும்.

ட்ரையம்ஃப் டி.ஆர்.4, ஒஸ்ரின்-ஹீலி 3000 போலக் கேபிளுக்குப் பதில் கம்பியும் பந்து மூட்டும் வைத்த கார்களில், பந்தும் கிண்ணமும் சேர்த்து முழு மூட்டாக மாற்றவேண்டும். அவற்றில் எஞ்சின் மவுண்டிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மவுண்டிங் தொய்ந்தால் எஞ்சின் ஆடும்போது கம்பி தானாகவே த்ரொட்டிலைத் திறந்து சாத்தும், குண்டு குழியில் கார் தவளையாகத் துள்ளும்.

எம்.ஜி.பி. கேபிள் வலது பக்கப் பெடலிலிருந்து இடது பக்கக் காபரேட்டருக்குக் குறுக்கே போகிறது. இடது ஸ்டியரிங் காருக்கான கேபிளின் நீளம் வேறு, ஓர்டர் கொடுக்கும்போது வலது ஸ்டியரிங் என்று சொல்லுங்கள். த்ரீவீல் கிளட்ச் கேபிளை வெட்டிப் போடுவது இங்கே வழக்கம். அதன் உள்கம்பி தடித்தது, சின்ன வளைவுகளில் சுலபமாகத் திரும்பாது, அசல் உறைக்குள்ளும் உரசும். கேபிள் அறுவது பெரும்பாலும் ட்ரனியனில். அந்தச் சின்ன உருளை லீவருக்குள் சுதந்திரமாகச் சுழலவேண்டும். துருப்பிடித்தோ அதிகமாக இறுகியோ அது நின்றுவிட்டால், ஒவ்வொரு மிதிக்கும் கேபிள் அதே புள்ளியில் மடங்கி நிமிரும். பழைய ட்ரனியனைக் கழற்றினால், ஸ்குரூ அழுத்திய இடத்தில் கம்பி தட்டையாகிக் கிடப்பதும், அதற்கு ஒட்டினாற்போல் இரண்டு மூன்று இழை மீசையாக நீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். ஒரு இழை அறுந்திருந்தாலே கேபிளை மாற்றிவிடுங்கள். புதுக் கேபிளின் முனையை வெட்டுவதற்கு முன் ஈயம் பற்றவைத்தால் பிரியாது. நைலோன் உறை வைத்த கேபிளுக்கு எண்ணெய் விடவேண்டாம், தூசைத்தான் பிடித்து வைக்கும்.

பெடல் பிவட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள். பிறகு ஒருவரைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லி, ஃபில்டரைக் கழற்றிய காபரேட்டரின் பிஸ்டனை விரலால் தூக்கி உள்ளே பாருங்கள். தட்டு காற்றோட்டத்துக்கு நேராக, விளிம்பு மட்டும் தெரியும்படி நிற்கவேண்டும். அதே கணத்தில் பெடலும் அதன் தடுப்பில் போய் நிற்கவேண்டும்; தட்டு முழுதாகத் திறந்தபின்னும் கால் அழுத்திக்கொண்டிருந்தால் இழுபடுவது கேபிள். குளிருக்காகத் தடித்த கார்ப்பெட் போட்ட கார்களில் முழுத் திறப்பைத் தடுப்பது அந்தக் கார்ப்பெட்டாகவே இருக்கும்.

ஒத்திசைவு

இப்போது கிளாம்புகள் இரண்டும் தளர்வாக, காபரேட்டர்கள் தனித்தனியாக நிற்கட்டும். ஐட்லிங் ஸ்குரூவை லீவரைத் தொடாத அளவுக்குப் பின்னால் எடுத்து, தொட்டதும் ஒரு முழுச் சுற்று உள்ளே கொடுங்கள். பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை மேலே முழுதாக ஏற்றி அங்கிருந்து 12 பக்கம், அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் உறிஞ்சும் சத்தம் ஒன்றாகும் வரை ஐட்லிங் ஸ்குரூக்களைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு கலவை. நுவரெலியா உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கொழும்பில் டியூன் செய்த கார் பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். நட்டை ஒன்றிரண்டு பக்கம் மேலே ஏற்றவேண்டிவரும். இரண்டு காபரேட்டருக்கும் ஒரே அளவு.

எஞ்சினை நிறுத்தி, நடு ஷாஃப்டின் தடுப்புக்கும் ஹீட் ஷீல்டுக்கும் இடையே 0.012 அங்குல ஃபீலரை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகுங்கள். ஒவ்வொரு கிளாம்ப் லீவரையும், அதில் இருக்கும் பின் (pin) ஃபோர்க்கின் கீழ்க்கையை லேசாகத் தொடும் வரை இறக்கி, அங்கேயே இறுக்குங்கள். ஃபீலரை உருவியதும் பின்கள் ஃபோர்க்கைத் தொடாமல் மெல்லிய இடைவெளியோடு நிற்கும். ஐட்லிங்கில் ஒவ்வொரு பட்டர்ஃப்ளையும் தன் ஸ்குரூவிலேயே உட்கார்ந்திருக்க, கால் வைத்ததும் இரண்டும் ஒன்றாக எழும்பும். கடைசியாகக் கேபிளை மாட்டி ஒன்றரை மில்லிமீட்டர் தொய்வு விடுங்கள். ஸ்பிரிங் இரண்டையும் மாட்டுங்கள், அசல் மெல்லிய ஸ்பிரிங், புதியது, காபரேட்டருக்கு ஒன்று. இந்த இரண்டும் எவ்வளவு இலகுவாகத் தட்டைச் சாத்துகின்றன என்று அப்போது பார்ப்பீர்கள். ஹீட் ஷீல்டில் யாரோ குத்திய பழைய ஓட்டையை அப்படியே விட்டுவிடலாம்.

முதல் இறக்கத்துக்கு முன் தட்டையான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓட, பெடலைத் தட்டித் தட்டி விட்டு வேகம் ஒவ்வொரு முறையும் அதே ஐட்லிங்குக்கு வருகிறதா என்று பாருங்கள். எந்த நிலையிலும் த்ரொட்டில் சிக்கினால் கிளட்சை மிதித்து, சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை வெளியே இழுக்காதீர்கள், ஸ்டியரிங் லொக் உள்ள கார்களில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் சேர்வோ (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் கருவி) இருந்தால் எஞ்சின் நின்றபின்னும் ஓரிரு முறை பிரேக்குக்கு உதவி மிச்சமிருக்கும். அதற்குள் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கிளாம்ப் போல்டுகளையும் ட்ரனியன் ஸ்குரூவையும் ஒருமுறை பார்த்து இறுக்குங்கள். புது உலோகம் கொஞ்சம் படியும். டிக்கியில் ஒரு முழுக் கேபிள், ட்ரனியன் ஒன்று அதன் ஸ்குரூவோடு, த்ரொட்டில் ஸ்பிரிங் இரண்டு, 7/16, 1/2 ஸ்பேனர், ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருந்தால் றம்பொடையில் நின்றுபோனாலும் ரோட்டோரத்திலேயே மாற்றிக்கொண்டு போகலாம்.